வெள்ளியங்கிரி ஏறுவதற்கு முன்: ஆக்சிஜன் கேனும் அப்பாவின் ஸ்டென்ட்டும்

வருகிற மார்ச் மாதத்தில் அப்பாவுடன் கோவை அருகே உள்ள வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறத் திட்டமிட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு 34 வயது, சென்னையில் நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை, இதுவரை எந்த மலையும் ஏறியதில்லை. அப்பாவுக்கு 61 வயது, பத்தாண்டுகளாகச் சர்க்கரை, மூன்றாண்டுகளுக்கு முன் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்திருக்கிறார்கள். மேலே ஆக்சிஜன் குறைவு என்று பலரும் சொல்வதால் ஆக்சிஜன் கேன் வாங்கிக்கொள்வதா, கற்பூரத்தை முகர்ந்துகொண்டே போனால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேனைப் பற்றிக் கேட்டிருந்தாலும், அந்த மலையில் ஏறியவர்களில் சிலர் ஏன் திரும்பவில்லை, நாங்களும் அப்படிப்பட்ட நிலையில் இருக்கிறோமா என்பதே உங்கள் மனத்தில் உள்ள கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் கோவையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொது மருத்துவராக இருக்கிறேன். பெரும்பாலான ஆண்டுகளில் மலை ஏறியிருக்கிறேன், பருவ நாள்களில் அடிவாரத்து மருத்துவ முகாம்களில் இருந்திருக்கிறேன். ஆனால் நான் இதய நோய் வல்லுநர் அல்ல. உங்கள் அப்பாவை நேரில் பார்க்காமல் அவருடைய இதயத்தைப் பற்றி இறுதியாகத் தீர்ப்புச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. இந்த வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளியங்கிரியின் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் நகரம் 2,100 மீட்டரைத் தாண்டிய உயரத்திலும், ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டரிலும் இருக்கின்றன. ஊட்டியில் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள், முதியவர்கள் சந்தைக்கு மேடேறிப் போய்க் காய்கறி வாங்கி வருகிறார்கள், அங்கே யாரும் ஆக்சிஜன் கேனுடன் நடமாடுவதில்லை. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் ஏறக்குறைய 21 விழுக்காடுதான், உயரம் கூடக்கூடக் குறைவது காற்றின் அழுத்தம். 1,800 மீட்டரில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்காக இருக்கும். நலமான நுரையீரல் சற்றே ஆழமாக மூச்சு விட்டு இதைச் சரிக்கட்டிவிடும். மலை உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி, நுரையீரல் நீர்க்கோப்பு போன்றவை பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தொடங்குகின்றன. ஆகவே, மேலே ஆக்சிஜன் இல்லாமல் இறந்தார்கள் என்று வாய்வழியாகப் பரவும் விளக்கம், நலமான நுரையீரல் உள்ளவரைப் பொறுத்தவரை தவறு. கடுமையான ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், கடும் இரத்தசோகை, இதயச் செயலிழப்பு ஆகியவை உள்ளவர்களுக்கு இந்தச் சிறிய குறைவும் சுமையாகலாம். அவர்கள் ஏறவே கூடாது என்பது வேறு செய்தி.

கேனையும் கற்பூரத்தையும் பற்றி ஒரு வார்த்தை. செங்குத்தில் ஏறும் மனிதர் நிமிடத்துக்கு ஐம்பது லிட்டருக்கும் மேல் காற்றை உள்ளிழுப்பார். கடைகளில் விற்கும் கையடக்கக் கேனில் உள்ள சில லிட்டர் ஆக்சிஜன் அவருக்கு ஒன்றிரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதன் பயனும் அத்துடன் தீர்ந்தது. கற்பூரம் மூக்கின் உள்தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால், காற்று தாராளமாகப் போவது போன்ற உணர்வு வருகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு புள்ளிகூடக் கூடுவதில்லை. முகர்வதால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் சிலர் ஒரு துண்டை வாயில் போட்டு மெல்வதைப் பார்த்திருக்கிறேன். விழுங்கிய கற்பூரம் வலிப்பை உண்டாக்கும் நஞ்சு என்பதால் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். என்னுடைய பெரிய கவலை இன்னொன்று. மூச்சு முட்டும்போது நின்று உட்கார வேண்டியவர், கேனையோ கற்பூரத்தையோ நம்பி, உடல் தருகிற எச்சரிக்கையை அடக்கிக்கொண்டு மேலே போகிறார்.

அப்படியானால் அங்கே உயிரைப் பறிப்பது எது? 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் பக்தர்கள் சிலர் மலையில் உயிரிழந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். உடற்கூறாய்வைப் பார்க்காமல், செய்தித்தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இறப்புக்கும் காரணம் சொல்வது முறையல்ல, நான் அதைச் செய்ய மாட்டேன். ஆனால் மலை நடையில் அடிபடாமல் நிகழும் இறப்புகளைப் பற்றி ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் நடந்த ஆய்வுகள் தெளிவாக ஒன்றைக் காட்டியிருக்கின்றன: அவற்றில் முதன்மையானது திடீர் இதயச் சாவு. அப்படி இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நடுவயதை எட்டிய அல்லது தாண்டிய ஆண்கள். முன்பே மாரடைப்பு வந்தவர்களும், சர்க்கரை நோய் உள்ளவர்களும், வழக்கமான உடற்பயிற்சி இல்லாதவர்களும் மற்றவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். மலைக்கு வந்த முதல் நாளிலும், உண்ணாமல் குடிக்காமல் நெடுநேரம் ஏறிய பிறகும் ஆபத்து கூடியிருந்தது. அடிவார முகாமில் நான் பார்த்தவை இந்தச் சித்திரத்துடன் பொருந்துகின்றன. விரதம் என்று காலையிலிருந்து வெறும் வயிற்றுடன் இருந்து, இரவுப் பயணத்தில் தூங்காமல் வந்து, பேருந்திலிருந்து இறங்கியதும் தடியை வாங்கிக்கொண்டு ஓட்டமாக ஏறத் தொடங்குபவரைக் கண்டாலே எனக்கு மனம் பதைக்கும்.

வேலையின் அளவைக் கணக்காகப் பார்த்தால் காரணம் விளங்கும். அடிவாரத்தில் உள்ள பூண்டி வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தூரத்துக்குள் 1,300 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். ஒரு மாடி மூன்று மீட்டர் என்று வைத்தால் நானூறு மாடிகளுக்கும் மேல். அலுவலகத்தில் இரண்டாவது மாடிக்கே லிஃப்டில் போகும் ஒருவர், ஒரே இரவில் நானூறு மாடி ஏறி, பிறகு அத்தனையும் இறங்கப் போகிறார். அந்த உயரமும் சீராகப் பரவியிருக்கவில்லை. முதல் மலையில், வெள்ளை விநாயகர் கோயில் வரை, உயரம் ஒரே அளவில் இல்லாத கற்படிகள் விடாமல் மேலே போகின்றன. உடல் இன்னும் சூடேறாத நேரத்தில், கூட்டத்தின் உற்சாகத்தோடு, மிகக் கடுமையான பகுதியை மிக வேகமாக ஏறுவது இங்கேதான். பாம்பாட்டிச் சுனையையும் கைதட்டிச் சுனையையும் கடந்த பிறகு நடுவில் ஓரளவு சமமான நடை கிடைக்கும். ஆண்டிச் சுனைக்கு இறங்கியபின், ஏழாவது மலை மறுபடியும் செங்குத்தாக நிமிரும். அங்கே மரங்கள் இல்லை, புல்லும் பாறையும் காற்றும்தான். முதல் மலையில் சேமித்து வைத்த கால்களை ஏழாவது மலையில் செலவிட வேண்டும் என்று என்னை முதன்முதலில் அழைத்துச் சென்ற பெரியவர் சொல்வார். இந்தப் பாதைக்கு அதைவிடச் சரியான அறிவுரையை நான் இன்னும் கேட்கவில்லை.

இனி உங்கள் அப்பா. 61 வயது, பத்தாண்டுச் சர்க்கரை, ஸ்டென்ட் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒருவர், அவருடைய இதய மருத்துவர் எக்கோவும் டிரெட்மில் சோதனையும் செய்து பார்த்து, இந்த ஏற்றத்தின் அளவை எண்ணிக்கையோடு கேட்டறிந்து ஒப்புதல் தராத வரை, முதல் மலையில்கூடக் கால் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. இதய நோயும் மூச்சுத் திணறலும் உள்ளவர்கள் ஏறுவதைத் தவிர்க்க வேண்டும் என்றுதான் வனத்துறையும் அறிவுறுத்தி வருகிறது. மருத்துவரிடம் கேட்கும்போது, மலைக்குப் போகலாமா என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பழனியில் படியேறுவதை நினைத்துக்கொண்டு அவர் தலையாட்டிவிடக் கூடும். ஆறு கிலோமீட்டரில் 1,300 மீட்டர் உயரம், இரவில், ஆறேழு மணி நேரம், வழியில் வண்டி வர முடியாது என்று சொல்லிக் கேளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். வெறும் அயர்ச்சி, வியர்வை, மூச்சிரைப்பு என்றே அது வெளிப்படும், மலை ஏறும் எல்லோருக்கும் இவை மூன்றும் இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய சில மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு விரதமும் இருந்தால் நடுவழியில் தாழ்சர்க்கரை மயக்கம் வரலாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்பவர் பாறையில் விழுந்தால் கசிவு எளிதில் நிற்காது.

முடிந்த வரைக்கும் ஏறிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று அப்பா சொல்லுவார், என்னிடம் வருகிற எல்லா அப்பாக்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த மலையில் நடுவழியில் வெளியேறப் பக்கவாட்டுப் பாதை கிடையாது. எவ்வளவு ஏறினாரோ அவ்வளவையும், முடியாமல் போன அதே உடம்போடு இறங்க வேண்டும். நடக்க இயலாதவரை டோலி கட்டித்தான் தூக்கி வர வேண்டும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். மாரடைப்புக்கு நாங்கள் கணக்கிடுவது நிமிடங்களை. ஆண்டவர் பூண்டியிலும் எழுந்தருளியிருக்கிறார். அடிவாரத்தில் வழிபட்டுத் திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவராக அப்பா இருப்பதில் எந்தக் குறையும் இல்லை என்பதை அவரிடம் நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் உடல்நிலையைப் பொறுத்தவரை நான் நம்பிக்கையோடு இருக்கிறேன், ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, அப்பாவுக்கு ஐம்பதுகளிலேயே இதய நோய் இருந்திருக்கலாம் என்பதால், உங்களுடைய இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. ஆகியவற்றை இப்போதே பார்த்துவிடுங்கள். புகைபிடிப்பவராக இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு, குறைந்தது எட்டு வாரம் படி ஏறிப் பழகுங்கள். சமதளத்தில் நடப்பது மட்டும் போதாது, ஏற்றத்துக்கான தசைகளைப் படிதான் பழக்கும். முதல் வாரம் உங்கள் கட்டடத்தில் நான்கு மாடியை நிற்காமல், சீரான வேகத்தில் ஏறிப் பாருங்கள். ஏறக்குறைய அறுபது படிகள் இருக்கும். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனாலோ, ஏறியபின் நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எளிதாக ஏறிவிட்டால் அது நல்ல அறிகுறிதான், ஆனால் இதயக் குழாயில் அடைப்பே இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. பிறகு வாரத்தில் நான்கு நாள், பத்து மாடியில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, முதுகில் நான்கைந்து கிலோ பையுடன் அறுபது மாடி வரை கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பரங்கிமலைப் படிகளில் தொடங்கி, நான்காவது வாரத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் உள்ள திருக்கழுக்குன்றம், ஏழாவது வாரத்தில் 1,300-க்கும் மேற்பட்ட படிகள் உள்ள சோளிங்கர் பெரியமலை என்று உயர்த்திக்கொள்ளலாம். சோளிங்கரில் ரோப்காரை மறந்துவிட்டு, ஒரே காலையில் இருமுறை ஏறி இறங்கி, மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போக முடிந்தால் நீங்கள் ஆயத்தமாகிவிட்டீர்கள். கடைசி நான்கு நாள் பயிற்சி வேண்டாம், தூக்கம்தான் வேண்டும்.

மலையில் வேகத்தை அளக்கக் கைக்கடிகாரக் கருவி எதுவும் தேவையில்லை. ஓம் நமச்சிவாய என்று ஒரே மூச்சில், சொல் உடையாமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் உங்கள் வேகம் சரி. நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது, குரல் சீராகும்வரை நில்லுங்கள். உடன் வரும் இளைஞர் கூட்டம் ஓடுகிறது என்பதற்காக ஓடாதீர்கள். முதன்முறை ஏறுபவருக்கு ஆறேழு மணி நேரம் ஆவது இயல்பு. இரவில் தொடங்கி விடியலில் உச்சியை அடைவது நெடுநாள் வழக்கம். மார்ச், ஏப்ரல் பகலில் கோவைச் சமவெளி 35 டிகிரியைத் தாண்டும் என்பதால் இரவு ஏற்றம் வெயிலிலிருந்து காப்பாற்றும். ஆனால் அதற்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும், இரவு ரயிலில் வந்து அன்றே ஏறத் தொடங்குவதை நான் ஏற்க மாட்டேன். ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன் இட்லி போன்ற எளிய உணவை உண்ணுங்கள். விரதம் என்றால் பழமும் பாலுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர், அதில் ஒரு லிட்டருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பொட்டலத்தைக் கொஞ்சமாகக் கலப்பதும் அரை லிட்டரில் கரைப்பதும் தவறு, அளவு மாறினால் பயன் கெடும். தாகத்துக்கு ஏற்ப அவ்வப்போது சில மிடறு குடித்தால் போதும், பயந்துகொண்டு வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் இரத்தத்தில் உப்பைக் குறைத்துவிடும். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், உப்புப்போட்ட வேர்க்கடலை ஆகியவற்றை எவர்சில்வர் டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கோடையில் சுனைகளும் மெலிந்துவிடும்.

குளிரை எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள், அதனால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி வெப்பம் குறையும். பூண்டியில் இரவு 22 டிகிரி இருந்தால் உச்சியில் 14 டிகிரிதான் இருக்கும். 14 டிகிரி பெரிய குளிரா என்று தோன்றும். உடம்பு உலர்ந்திருந்தால் இல்லைதான். ஆனால் ஐந்து மணி நேர வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு, ஏழாவது மலையின் திறந்த காற்றில், விடியலுக்காக ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் உடல் சூடு வேகமாக வெளியேறும். சில ஆண்டுகளுக்கு முன் அதிகாலை நாலரை மணியளவில் ஆண்டிச் சுனைக்கு மேலே ஓர் இளைஞரைப் பார்த்தேன், இருபத்தைந்து வயது இருக்கும். சுனையில் முங்கிக் குளித்துவிட்டு, ஈர வேட்டியுடனே பாறைமேல் நின்று சட்டைப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார். பொத்தான் துளையருகே வரும், விரல் அதைத் தள்ளாது, நழுவிவிடும், மறுபடி முயல்வார். பெயரைக் கேட்டேன், நாக்குக் குழறியது. உடல் சூடு இறங்கத் தொடங்கிவிட்டதன் அடையாளங்கள் இவை: விரல் சொன்னபடி கேட்காது, பேச்சுக் குழறும், கால் தடுமாறும். ஈரத்தைக் களைந்து துண்டால் துடைத்து, என்னிடமிருந்த உலர்ந்த சட்டையையும் போர்வையையும் சுற்றி, காற்று படாத பாறை மறைவில் உட்கார வைத்து, அவருடைய நண்பர் வைத்திருந்த சுக்குக் காப்பியில் நிறைய வெல்லம் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். முக்கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். கைகால்களைச் சூடு பறக்கத் தேய்ப்பது பலருக்கும் தோன்றும், அது வேண்டாம். சுனையில் குளிப்பது உங்கள் வேண்டுதல் என்றால், ஏறும்போது இருட்டில் குளிக்காமல், தரிசனம் முடிந்து வெயில் ஏறியபின் இறங்கும் வழியில் குளியுங்கள். பையில் ஒரு முழு உலர்ந்த உடை, காற்றைத் தடுக்கும் மேல்சட்டை, குரங்குக் குல்லா ஆகியவற்றை நனையாமல் கட்டி வைத்திருங்கள். ஏழாவது மலை முடிந்ததும், குளிர்வதற்கு முன்பே, முதல் வேலையாகச் சட்டையை மாற்றுங்கள்.

நெஞ்சுவலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் வாயுப் பிடிப்பு. இரண்டாவது மலையில் ஒருவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், உட்கார்ந்து நெஞ்சின் நடுவே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். உறவினர்கள் சோடா கொடுத்து, ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது, தொட்டுப் பார்த்தால் தோல் சில்லென்று இருந்தது. மேலே போகத் துடித்தவரைத் தடுத்து, டோலியில் இறக்கி மருத்துவமனைக்கு அனுப்பினோம். மாரடைப்புதான், உயிர் பிழைத்தார். நடுநெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, நின்று பத்து நிமிடம் ஆகியும் அடங்காத மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அத்துடன் ஏற்றம் முடிந்தது. அவரை நடக்க விடாமல் சாய்ந்து உட்கார வையுங்கள், அருகில் உள்ள வனப் பணியாளருக்குத் தகவல் சொல்லுங்கள், தொடர்பு கிடைத்தால் 108-ஐ அழைத்து அடிவாரத்தில் வண்டி ஆயத்தமாக இருக்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ அண்மையில் இரத்தக் கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராம் அளவு ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை, மருத்துவர் அவருக்கென்று முன்பே எழுதித் தந்திருந்தாலன்றிக் கொடுக்காதீர்கள், இரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால், நெஞ்சின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆள் மாற்றி ஆள் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் குழுவில் இருவராவது இதை ஒரு பொம்மையின் மேல் கைப்படப் பழகிக்கொண்டு வந்தால் நல்லது. படித்து அறிவதும் கை பழகுவதும் வேறு வேறு.

இறக்கத்தில் இதயத்துக்குச் சுமை குறைவு, முட்டிக்கு அதிகம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால் அதன் இழைகளில் நுண்கிழிசல்கள் உண்டாகும், வலி மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்தை எட்டும். அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடி ஏறும்போது துணையாக இருக்கும், இறங்கும்போது அதுவே மூன்றாவது கால். தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு காலை வையுங்கள். குறுக்கே குதிக்க வேண்டாம். நேர்த்திக்கடனுக்காக வெறுங்காலில் ஏறுபவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் உங்கள் அப்பாவைப் போன்ற நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், வெறுங்கால் நடை எந்த மலையிலும் கூடாது. உங்களுக்கு, பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட, ஏற்கெனவே இரண்டு மாதம் போட்டுப் பழகிய காலணி போதும். புதுக் காலணி நிச்சயம் கொப்புளம் தரும்.

காடு பற்றிச் சுருக்கமாக. இது போளுவாம்பட்டி வனச்சரகம், யானைகள் நடமாடும் இடம். வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை ஏற அனுமதிக்கிறது. நாளும் நேரமும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், பயணத்துக்கு முந்தைய வாரம் அவர்களிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அனுமதி இல்லாத மாதங்களில் நுழைவது குற்றம், மழைக்காலப் பாறைகள் வழுக்கும், உதவிக்கு ஆள் இருக்காது. இரவில் தனியாகப் பாதையை விட்டு விலகாதீர்கள். இரு கைகளும் ஓய்ந்திருக்க நெற்றியில் கட்டும் விளக்கு வாங்குங்கள், மாற்று மின்கலமும் வேண்டும். காய்ந்த புல் எளிதில் பற்றும் பருவம் என்பதால் வழியில் எங்கும் கற்பூரம் ஏற்றுவதோ பீடி, சிகரெட் பிடிப்பதோ கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடிமழை வரும். இடி முழக்கம் கேட்டால் ஏழாவது மலையின் திறந்த உச்சிக்கு ஏறாமல் தாழ்வான இடத்தில் காத்திருங்கள். பிளாஸ்டிக் உறைகளை அடிவாரச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், அதற்கு முன் நாமே வீட்டில் வைத்துவிட்டு வருவது மரியாதை. சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி, சனி, ஞாயிறு ஆகிய நாள்களைத் தவிர்த்து வாரநாளில் வாருங்கள். நெரிசலில் நம் வேகத்தை நாம் தீர்மானிக்க முடியாது, டோலியும் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

இரவு முழுக்க விழித்து ஏறி இறங்கியவர் அன்றே சென்னைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, கோவையில் ஓர் இரவு தூங்கிவிட்டுப் புறப்படுங்கள். அப்பாவைப் பூண்டியில் வெறுமனே உட்கார வைத்துவிட்டுப் போகாமல், ஒரு பொறுப்பைக் கொடுங்கள். மலையில் பல இடங்களில் செல்பேசித் தொடர்பு கிடைக்காது. ஆகவே ஏறத் தொடங்கும் முன் உங்கள் குழுவினரின் பெயர், வயது, நோய், மாத்திரை விவரங்களை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். நீங்கள் மறுநாள் நண்பகல் 12 மணிக்கு இறங்கிவிடுவீர்கள் என்று கணக்கிட்டால், 3 மணியை எல்லையாகச் சொல்லிவிட்டுப் போங்கள். 3 மணிக்கும் வராவிட்டால், எப்படியும் வந்துவிடுவான் என்று காத்திருக்காமல், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் நேராக வனத்துறைச் சோதனைச் சாவடிக்குப் போக வேண்டும்.